பழைய குழியில் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். லீவு போட்டுவிட்டு வந்து, கிழட்டு ஆப்பிள் மரங்களை வேரோடு எடுத்து, அதே வாரத்தில் புதுக் கன்றுகளை வைத்துவிடலாம் என்றாய். அம்மா தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கிறாய், புரிகிறது. ஆனால் வேண்டாம்டா. இதே அவசரத்தை நானும் அப்பாவும் ஒருமுறை பட்டிருக்கிறோம்.

நீ ஸ்கூலில் படித்தபோது, ஓரத்தில் பட்டுப்போன ஆறு மரங்களை எடுத்துவிட்டு அதே குழிகளில் ஆப்பிளையே வைத்தோம். தண்ணீர், உரம் எதிலும் குறை வைக்கவில்லை, ஆனாலும் மூன்று வருடம் கழித்தும் என் இடுப்பைத் தாண்டவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாக, கட்டையாக இருந்தது, மெல்லிய சல்லிவேர்களே இல்லை. மரமே நிற்காத இடத்தில் வைத்த ஏழாவது கன்று மட்டும் தளதளவென்று வந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஒரே மரம் வெகுகாலம் நின்ற மண்ணில், அதன் வேரைத் தாக்கும் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் பெருகிக்கொண்டே போகும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும், கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. எவ்வளவு உரம் கொட்டினாலும் இது தீராது.

இந்த முறை மண்ணையே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று, பழைய வரிசையிலிருந்து மண் எடுத்து, பாதியை ஆவியில் நன்றாகச் சூடாக்கி, அதிலிருக்கும் புழுவும் பூஞ்சையும் சாகட்டும் என்று ஆறவைத்தேன், மீதியை அப்படியே விட்டேன். இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் போட்டு ஆப்பிள் நாற்று வைத்திருக்கிறேன். சூடாக்கிய மண்ணில் இருப்பவை இப்போதே மற்றதைவிட ஒரு சாண் உயரம். அந்த நூற்புழுவும் பூஞ்சையும் பழைய வரிசையில் இன்னும் அப்படியே இருக்கின்றன, சந்தேகமில்லை.

அதனால் இந்த வருடம் பாதித் தோட்டம் மட்டும் எடுப்போம். வேர்களை முடிந்தவரை பொறுக்கிவிட்டு, கடுகு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுது, ஒரு பருவம் ஆறப்போடலாம். கடுகு முழுதாகத் தீர்த்துவிடாது, கொஞ்சம் அடக்கும். புது ஆப்பிளை வரிசைகளுக்கு நடுவே, நாம் நடந்துபோகும் அந்த இடைவெளியில் வைப்போம், பழைய இடத்தில் பிளம் வைக்கலாம். ஒட்டுக்கன்று வாங்கும்போது வேர்ப்பகுதி எந்த ரகம் என்று கட்டாயம் கேள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா நிலையத்திலிருந்து வந்த ஜி.41, ஜி.210 போன்றவை இந்த மண் நோயை ஓரளவு தாங்கும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும், புதைந்தால் மேல்பகுதி தானே வேர்விட்டு மரம் உயரமாகப் போய்விடும், மரத்தைக் குட்டையாக வைக்கும் வேர் ரகம் வாங்கியதே வீண்.

இன்னொன்று. கிணற்றடி மரம் அப்பா ஒட்டுக்கட்டியது, உனக்கே தெரியும். உள்ளே கோறையாகிவிட்டது, அடுத்த காற்றுக்கு நிற்குமா என்று தினமும் பார்க்கிறேன். அதன் விதையைப் போட்டால் அதே பழம் வராது, குச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இலை உதிர்ந்து மொட்டு உப்புவதற்கு முன்னால் வா. பென்சில் பருமனில், அந்த வருடம் விட்ட குச்சிகளாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம், பழங்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது, மொட்டு கெட்டுவிடும். எனக்கு இப்போது கை நடுங்குகிறது, ஒட்டுக்கத்தியை நீதான் பிடிக்க வேண்டும். அப்பாவுடைய கத்தியைத் தீட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்தத் தேதி வருகிறாய் என்று எழுது.

அம்மா