குன்னூர், கோத்தகிரி காட்டேஜ் உரிமையாளர்களுக்கு: நாய்ச் சாப்பாட்டை ஒரே கையில் விடுங்கள்

வணக்கம்.

உங்களில் பலர் கோவையிலோ சென்னையிலோ இருக்கிறீர்கள். காட்டேஜும் லேப்ரடாரும் கேர்டேக்கர் பொறுப்பில். நாய் குண்டாகிவிட்டது என்று தெரிந்ததும் "சாப்பாட்டைக் குறைங்க" என்று போனில் சொல்கிறீர்கள். அவரும் குறைக்கிறார், ஆனால் எடை இறங்குவதில்லை. தட்டில் வைப்பதைத்தான் அவரால் குறைக்க முடியும். தங்க வந்தவர்கள் போடுவதைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அதை அவருக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

30 கிலோ இருக்க வேண்டிய லேப்ரடார் 38 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை குறைய ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரிதான் கொடுக்கலாம். இருக்க வேண்டிய எடைக்குப் போடும் கணக்கு இது, இப்போதைய எடைக்கு அல்ல. காலை டிபனில் மிஞ்சிய இரண்டு பிரெட் துண்டு 150, நாலு பிஸ்கட் 100, ஒரு டம்ளர் பால் 130, அரைச் சப்பாத்தி 60. தட்டு வைக்கும் முன்பே பாதி போயிற்று. ஹோம்மேட் சாக்லேட்டும் திராட்சையும் எடைக்கு மட்டும் கெடுதல் அல்ல, நாய்க்கு விஷம்.

ஆகவே கேர்டேக்கருக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கிக் கொடுங்கள். டம்ளரில் அளந்தால் கைக்குக் கை மாறும். கடைத் தீவனம் என்றால் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பை மேலே பார்க்க வேண்டும். 350 என்றிருந்தால் ஒரு நாளைக்கு 230 கிராம், அதை மூன்று வேளையாகப் பிரித்து வைக்கலாம். மீதி 90 கலோரிதான் நொறுக்குத் தீனிக்கு. வந்தவர்கள் கையால் கொடுக்க ஆசைப்படுவார்கள், அது இயல்புதான். நறுக்கிய கேரட், வேகவைத்த மேரக்காய் (சௌசௌ), பீன்ஸ் என்று ஒரு டப்பாவில் வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேரக் கூடாது. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அறைச் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடலாம்.

சோறு போடும் வீடுகளில் வேறொரு சிக்கல். சோற்றையும் குழம்பையும் அப்படியே பாதியாக்கினால் புரதமும் தாதுக்களும் சேர்ந்தே குறைகின்றன. கொழுப்போடு தசையும் கரைந்து நாய் சோர்ந்துபோகும். சோற்றைக் குறைத்து, தோலில்லாத கோழியையும் காயையும் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதையும், வைட்டமின், கால்சியம் அளவையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நெய்யை நிறுத்திவிடுங்கள், ஒரு டீஸ்பூனே 45 கலோரி.

"மலைக் குளிருக்குக் கொழுப்பு வேணும்" என்ற பேச்சு இங்கே நிறைய. வீட்டுக்குள் படுக்கும் நாய்க்கு அது பொருந்தாது. வராந்தாவில் படுப்பதற்குத் தரையிலிருந்து உயர்ந்த பலகையும் காய்ந்த சாக்கும் கொடுங்கள். இங்குள்ள நாய்களுக்கு ரோமம் அடர்ந்திருப்பதால் கண் ஏமாற்றும், தடவித்தான் பார்க்க வேண்டும். உங்கள் புறங்கை எலும்பைத் தடவினால் எப்படித் தெரிகிறதோ, விலா அப்படித் தெரிய வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் கொழுப்பு மூடியிருக்கிறது.

எடை பார்க்க, தோட்டத்தில் பச்சைத் தேயிலை எடை போடும் எலக்ட்ரானிக் தராசு போதும், மேலே சாக்கு விரித்து நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசு, காலையில் வெறும் வயிறு. வாரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் இறங்கினால் சரி. 38 கிலோ நாய்க்கு அது 400 முதல் 750 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று வாரமாகியும் அசையவில்லையென்றால் பத்து சதவீதம் குறையுங்கள். அதற்கு முன், வேறு யார் போடுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளிலும் விசாரியுங்கள்.

நடையை மட்டும் நம்பாதீர்கள். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஒன்றிரண்டு பிஸ்கட்டின் சக்திதான். பத்து நிமிடம், இரண்டு வேளை என்று சமமான பாதையில் தொடங்கலாம். செங்குத்து இறக்கம் கனத்த நாயின் முன்கால் மூட்டுகளை வாட்டும். சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும், வார் கையை விட்டுப் போகக் கூடாது.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். தைராய்டு குறைந்த நாய் கொஞ்சம் தின்றாலும் ஊதும். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் பசியைக் கிளப்பும்.

நாய் கெஞ்சுவதைப் பார்த்து மனம் இளகும், அது எங்களுக்கும் புரிகிறது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் பசி நிஜம், திட்டாதீர்கள். ஆனால் 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

ஏப்ரல், மே சீசனில்தான் எல்லாம் கெடுகிறது. அதற்கு முன்பே தராசை வாங்கிக் கொடுங்கள். "நாய்க்கு எதுவும் போடாதீங்க" என்று கேர்டேக்கர் சொன்னதாக யாராவது உங்களிடம் புகார் செய்தால், அவர் பக்கம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் நாய்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள்