நாற்பதைத் தாண்டிய ஹிப் ஹாப் ரசிகர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வயதொத்தவர்களே,

2022 பிப்ரவரி 13 அன்று, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை இசை நிகழ்ச்சியில் ராப் கலைஞர் டாக்டர் டிரே பியானோ முன்னால் உட்கார்ந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதையேதான் செய்தேன். ஃப்ரீமாண்டில் நண்பர் வீட்டு சோபாவில் எட்டுப் பேர் இருந்தோம். 'ஸ்டில் டி.ஆர்.இ.' பாட்டின் அந்தப் பியானோ சுரம் விழுந்ததும் முட்டிவலிக்காரர் உட்பட எட்டுப் பேரும் எழுந்துவிட்டோம். சல்சா கிண்ணம் கார்ப்பெட்டில் கவிழ்ந்தது. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நண்பரின் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. மேடையில் இருந்தவர்களில் கென்ட்ரிக் லமாரைத்தான் நன்றாகத் தெரியும் என்றாள். அவ்வளவுதான், பாடம் ஆரம்பித்துவிட்டது. 50 சென்ட் ஏன் தலைகீழாகத் தொங்கினார் (2003 வீடியோவில் தொங்கினார், 46 வயதில் மறுபடி தொங்கினார், பாவம்), எமினெம் யார், இவர்கள் சிடியை எந்த ஓட்டை கரோலா காரில் எத்தனை முறை போட்டோம் என்று ஆளுக்கொரு பக்கம் பேசினோம். 'இதுதான் இசை' என்று முடித்தது நான்தான்.

மூன்று வருடம் கழித்து அதே சோபா. 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். இந்த முறை கென்ட்ரிக்கின் நிகழ்ச்சி. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, "ஒரு வார்த்தை புரியல" என்றார் ஒருவர். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார் முட்டிவலிக்காரர். நண்பர் பிரியாணி சுடவைக்க எழுந்து போனார். மறுநாள் அலுவலகத்திலும் வாட்ஸ்அப்பிலும் நம் வயதுக்காரர்கள் பலர் பாடியது இதே பல்லவிதான்.

இன்னொரு ராப் பாடகரான ட்ரேக்கோடு கென்ட்ரிக்குக்கு நடந்த சண்டை தெரியாதவருக்கு அந்த நிகழ்ச்சியில் பாதி புரியாது, ஒப்புக்கொள்கிறேன். நமக்குத் தெரிந்த பழைய பாட்டும் அதில் குறைவு. ஆனால் அமெரிக்க அரசின் உருவகமான அங்கிள் சாம் வேடத்தில் வந்த நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் நடுவில் என்ன சொன்னார்? ரொம்பச் சத்தம், ரொம்ப முரட்டுத்தனம் என்று கென்ட்ரிக்கைக் கடிந்துகொண்டார். நம் அறையில் முணுமுணுத்ததும் அதுதானே. நம் வசனத்தை அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

"அங்கிள், கொடி தெரியலையா?" என்று கேட்டது நண்பரின் மகள்தான். சிவப்பு, வெள்ளை, நீல உடையில் கறுப்பின நடனக் கலைஞர்கள் சேர்ந்து நின்று அமெரிக்கக் கொடியாகி, கென்ட்ரிக் நடுவில் நிற்க இரண்டாகப் பிளந்து நின்றார்கள். நான் அப்போது தட்டு தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து 2022 நிகழ்ச்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வெள்ளை மேடை முழுக்க காம்ப்டன் நகரம்: டாம்ஸ் பர்கர் கடை, ஈவ் ஆஃப்டர் டார்க் கிளப், நீதிமன்றத்தின் முன்னால் இருக்கும் மார்ட்டின் லூதர் கிங் நினைவுச் சின்னம், வாசலில் பழைய இம்பாலா கார்கள். டிரே பிறந்து வளர்ந்த ஊரைப் பக்கத்து ஊர் மைதானத்தில் கட்டி வைத்திருந்தார்கள். நமக்கு அதில் தெரிந்தது நம் கரோலா. (காது கேளாத ராப் கலைஞர்கள் இருவர் சைகை மொழியில் அன்று பாடினார்கள். டிவி ஒளிபரப்பு அவர்களைக் காட்டவில்லை, இணைய ஒளிபரப்பில்தான் பார்க்க முடிந்தது. அதற்கு நாம் பொறுப்பில்லை.)

அதே 2022 மேடையில் எமினெம் மண்டியிட்டதை, இனவெறியை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட கால்பந்து வீரர் கேப்பர்னிக்குக்கான கலகம் என்று கொண்டாடினோமே, ஒத்திகையிலேயே அது தெரியும் என்று போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். சொல்லிவிட்டது. 1989-இல் டிரே இருந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசை நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்ட இசை இன்று நம் பழைய பாடல். அதைப் போலவே, 2004 இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை விலகிய விவகாரத்துக்குப் பிறகு பயந்துபோன என்.எஃப்.எல். 2005-இல் பால் மெக்கார்ட்னியையும் 2006-இல் ரோலிங் ஸ்டோன்ஸையும் கூட்டி வந்தபோது 'தாத்தா கச்சேரி' என்று சிரித்தது யார்? மெக்கார்ட்னிக்கும் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்கும் அப்போது வயது 62. நம் டிரேவுக்கு 2022-இல் 56. கணக்கில் ஆறு வருடம்தான் இடிக்கிறது.

2022-ஐத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை போட்டாலும் எழுந்து ஆடுவேன். 'எங்கள் காலம் மாதிரி வராது' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் வேலையை மட்டும் விட்டுவிடலாமே என்கிறேன். நாம் விட்டதை அவள் பார்த்தாள். அடுத்த தடவை பாடம் அவள் எடுக்கட்டும், நாம் கேட்போம்.

அப்புறம், பிரியாணியை முதல் பாதி முடியும் முன்பே சுடவைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சல்சாவைக் கவிழ்த்தவன்