கிடுகு தந்தவர்களின் பெயரும் சுவரில் வரவேண்டும்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர், செயலாளர், நிர்வாக சபைத் தம்பிமாருக்கு,

வணக்கம். புதுக் கழகக் கட்டடம் வடிவாக வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைகளுக்கும், வெயிலில் நின்று வேலை பார்த்த உங்களுக்கும் நன்றி. ஆனால் திறப்பு விழாவன்று சுவரில் பதித்த கல்லை வாசித்ததும் மனம் கனத்துப் போனது. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், பணம் தந்தவர் எல்லார் பெயரும் உண்டு. கழகத்தின் முதல் கொட்டிலைப் போட்டவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அந்தப் பெயர்களும் சுவரில் வரவேண்டும்.

அந்தக் கொட்டிலின் கதையை உங்கள் அப்பப்பாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பனங்குற்றித் தூண், கூரைக்குப் பின்னிய தென்னோலைக் கிடுகு, வீட்டுக்குப் பத்து. ஒரு மூலையில் வாசிகசாலை மேசை, மற்ற மூலையில் உதைபந்தும் காற்றடிக்கிற பம்பும். யார் கிடுகு தந்தது, யார் கயிறு தந்தது என்பதெல்லாம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளிக்கிட்டபோது, அப்பா சைக்கிள் கரியரில் அரிசிப் பையோடு அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கட்டினார். கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. அம்மாவின் சீலைப் பெட்டியை வழியில் விட்டுவிட்டு வந்தோம், கொப்பியை விடவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தால் கழகத்துக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை.

போன கிழமை அந்தக் கொப்பியைப் பார்க்க உங்களிடம் கேட்டேன். சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் கிடந்தது. முதல் எட்டுப் பக்கத்தையும் கறையான் தின்றுவிட்டது. கிடுகுக் கணக்கு இருந்ததே அந்தப் பக்கங்களில்தான். “பழைய கொப்பிதானே ஐயா” என்றார் உங்களில் ஒருவர்.

1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களை நினைத்து இன்றைக்கும் கலங்குகிறோம். கையில் மிஞ்சிய ஒரு கொப்பியை நாங்களே கறையானுக்குக் கொடுக்கலாமா? கண்டி விளையாட்டுக் கழகத்து றக்பிக்காரர் தங்கள் கழகம் 1874இல் தொடங்கியது என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார்கள். எங்கள் தொடக்கத்தைச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பக்கங்களை இன்றைக்கே உலர்ந்த அலுமாரிக்கு மாற்றுங்கள். பழைய தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமித்து வைக்கிற நூலகம் நிறுவனத்தாரிடம் கேட்டு அவற்றை ஸ்கான் பண்ணி வையுங்கள். அப்புறம், கிடுகு தந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து மாரிக்கு முன் போய்க் கேட்டு எழுதி, அந்தப் பெயர்களோடு இன்னொரு கல் பதியுங்கள். கல்லுக்கும் கூலிக்கும் நான் தருகிறேன்.

அன்புடன்,
கழகத்தின் பழைய கோல் கீப்பர்