திரையில் நீலம், வாசலில் சிமென்ட்: மின்சாரக் கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்சாரக் காருக்கு என்னென்ன நிறம் என்று தீர்மானிக்கிறவர்களுக்கு,

வணக்கம். பேட்டரி எவ்வளவு, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று எல்லாவற்றையும் புள்ளி வைத்துச் சொல்லிவிடுகிறீர்கள். நிறம் என்று வந்தால் மட்டும் திரையில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் கவிதையாக ஒரு பெயர், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நானும் அமுக்கினேன். நீலம் கலந்த சாம்பல் என்று நினைத்திருந்தேன். வண்டி வந்த அன்று மேகமூட்டம், வாசலில் நின்றது ஈரமான சிமென்ட். வெயில் அடித்தால் நீலம் எட்டிப் பார்க்கிறது, சாயங்காலம் லேசாகப் பச்சை தட்டுகிறது. பார்த்துப் பார்த்து இப்போது எனக்கு அது பிடித்தும் போய்விட்டது, ஆனால் நான் கேட்டது அதை இல்லை.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. மெட்டாலிக் பெயின்டில் பொடிப் பொடியாய் அலுமினியத் துணுக்குகள் இருக்கும், முத்து மாதிரி மினுங்கும் பேர்ல் பெயின்ட் என்றால் மைக்காத் துணுக்குகள். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு ஏற்ப நிறம் மாறும், மாறத்தானே அதைப் போடுகிறீர்கள். தட்டையான திரையில் அது எப்படித் தெரியும்? உள்ளங்கை அகலத்துக்கு, கொஞ்சம் வளைவோடு, அதே பெயின்ட் அடித்த ஒரு தகடு, முன்பணம் கட்டுகிறவர்களுக்கு அனுப்புங்கள். வீட்டுச் சுவருக்கு நிறம் பார்க்கிறவர்களே ஒரு மூலையில் தடவி, காயவிட்டு, காலையிலும் ராத்திரியிலும் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறார்கள்.

அடுத்தது வெயில். கருப்புக் கார் சூடாகும் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் எவ்வளவு? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே மாடலில் ஒரு கருப்புக் காரையும் ஒரு வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கூரையில் 25 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம், உள்ளே காற்றில் 5, 6 டிகிரி. ஏசி ஓடுவதும் வண்டி ஓடுவதும் ஒரே பேட்டரியில்தான், அதனால் இது உங்கள் கிலோமீட்டர் கணக்கோடு ஒட்டிய விஷயம். கருப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கிற வண்டியில் நிறத்தைவிட அந்தக் கண்ணாடிதான் பெரிய பேச்சு, குளிர் ஊரில் இருப்பவருக்கோ கருப்பால் நஷ்டமே இல்லை. நிறத்தின் பக்கத்தில் இதை ஒரு வரி எழுதினால் போதும், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

உண்மையில் இந்த மடலை எழுத வைத்தது பின் பம்பர். நிறுத்துமிடத்தில் ஒரு தூண், என் அவசரம், மூலையில் ஒரு சாண் நீளக் கீறல். பெயின்ட் அடிக்கிறவர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த நிறக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, "இது மூணு கோட்டு சார், உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. அடியில் ஒரு நிறம், அதற்கு மேல் பேர்ல், அதற்கும் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு. நடுவில் இருக்கிற பேர்ல் ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் நிறமே மாறிவிடும், அதனால் பம்பரோடு நிறுத்தாமல் பக்கத்துத் தகட்டிலும் மெல்ல மெல்லக் கலந்து அடித்தால்தான் கண்ணை உறுத்தாது என்றார். முதல் தடவை அவருடைய கொட்டகை விளக்கில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் பம்பர் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போல நின்றது. திரும்ப அடித்தார், பாவம்.

அதோடு முடியவில்லை. பல வண்டிகளில் பின் பம்பரின் மூலைக்குள்தான் பக்கவாட்டில் வருகிற வண்டியைப் பார்க்கும் ரேடார் இருக்கிறது. அதன் முன்னால் பட்டியைப் பூசி, மெட்டாலிக் பெயின்டைத் தடிமனாக ஏற்றினால் அது சரியாகப் பார்க்காது. அப்புறம், வண்டியைச் சூடேற்றிய அறைக்குள் விட்டு, அடித்த பெயின்டைச் சுமார் 60 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் போல உலர்த்துவது இந்தத் தொழிலில் வழக்கம். "கீழே இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே, உள்ள விடலாமா?" என்று அவர் என்னைக் கேட்கிறார்! எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பட்டறைகளுக்கான கையேட்டில் அதைப் போட்டுவைத்திருக்கிறீர்கள், உரிமையாளர் கையில் இருக்கும் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி ஒப்பேற்றினார்.

பராமரிப்புப் பக்கத்துக்கு வருகிறேன். 'மென்மையான துணியால் துடைக்கவும்' என்பதெல்லாம் மிக்ஸி வாங்கினாலும் வருகிற வாக்கியம். வேண்டியது இதுதான்: மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, ஆகவே ஆசைக்கெல்லாம் பாலிஷ் போட முடியாது. தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதும், சுழலும் பிரஷ் வைத்த தானியங்கிக் கழுவலும்தான் அடர் நிறத்தில் சிலந்தி வலை மாதிரிக் கோடு போடுகின்றன. வெள்ளையிலும் அதே கோடு விழும், தெரியாது, அவ்வளவுதான். பறவை எச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் வெயிலில் அது கிளியர் கோட்டைத் தின்றுவிடும். பளபளப்பில்லாத மேட் நிறம் வாங்குகிறவரிடம், கீறினால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது, தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும் என்று வாங்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மின்சாரக் காருக்கே உரிய ஒரு காயமும் இருக்கிறது. சார்ஜ் மூடிக்குக் கீழே, கேபிள் தொங்கி உரசுகிற இடத்தில், பிறை மாதிரி மங்கலாக ஒரு தடம். என் வண்டியில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் தெரியும், மூடியின் விளிம்பில் பிளக்கின் மூக்கு இடித்த நான்கைந்து புள்ளிகளும் சேர்ந்தே தெரியும். தினம் ராத்திரி மண் படிந்த கேபிளை இழுத்து மாட்டினால் வேறென்ன ஆகும். அந்த ஒரு சாண் இடத்துக்கு ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலத்தைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்ப உங்களுக்கு என்ன தடை? (நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தூள் குறைவு, சக்கரம் மாதக்கணக்கில் சுத்தமாகவே இருக்கிறது.)

ஃபோர்டின் மாடல் டி 1914-இலிருந்து 1925 வரை கருப்பில் மட்டும்தான் வந்தது. இன்றைக்கும் உலகில் விற்கும் புதுக் கார்களில் பெரும்பகுதி வெள்ளை, கருப்பு, சாம்பல், வெள்ளிதான். தைரியமான நிறம் கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்கும் தெரியும். கீறினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் நீட்டினால் எவன் வாங்குவான்?

தகடு, மூணு கோட்டா இரண்டா என்ற ஒரு வரி, உலர்த்தும் சூடு எவ்வளவு என்பது, சார்ஜ் மூடிக்குப் படலம், வண்டியோடு அதே நிறத்தில், சின்னக் கீறலை மறைக்க ஒரு குப்பி டச்-அப் பெயின்ட். அடுத்த மாடலுக்குள் இதில் எதெல்லாம் நடக்கும் என்று பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஈரச் சிமென்ட் கார்க்காரன்