தென்காசித் தோழிக்கு, வால்பாறை முகாம் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். குனிந்து வாளி தூக்க விடாதே. இங்கே கோவையில் எல்லோரும் நலம். மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பேரன் பகல் முழுக்க என்னோடுதான். இப்போது தூங்குகிறான், அதுதான் பேனாவை எடுத்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். காலாண்டு விடுமுறையில் உங்கள் பக்கத்தில் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி ஆங்கில முகாம் நடத்தலாமா, ஏழெட்டு நாளில் என்னதான் சொல்லிக் கொடுத்துவிட முடியும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக நடத்து. ஆனால் ‘பேச்சு ஆங்கிலம்’ என்று மட்டும் போர்டு வைக்காதே. வாசிக்கச் சொல்லிக் கொடு. ஒரு வாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வராது. அதிகபட்சம் நான்கு வாக்கியம் மனப்பாடம் ஆகும், அடுத்த மாதம் அதுவும் மறந்துபோகும். எழுத்தைச் சேர்த்து வாசிக்கிற வழி பிடிபட்டுவிட்டால் நாம் கிளம்பிய பிறகும் பிள்ளை தானாகப் போய்க்கொண்டே இருக்கும். மே மாதம் வால்பாறையில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன்.

வால்பாறைக்கு நீ வந்ததில்லை அல்லவா? பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. ஆனைமலைப் புலிகள் காப்பகக் காட்டுக்கு நடுவே தேயிலை எஸ்டேட்டுகள். அதில் ஒரு எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் சிலருமாகப் போயிருந்தோம். அங்கே எந்த வேலைக்கும் காடுதான் நேரம் குறிக்கிறது. சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் மூன்றரை மணிக்கெல்லாம் வகுப்பை முடித்து, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடு வரைக்கும் பெரியவர் ஒருவர் கூடவே போய்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர வேண்டும். யானை பக்கத்தில் நின்றால் சிவப்பு விளக்கு எரிகிற கம்பங்களைச் சில இடங்களில் நட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாக வேறு பாதையில் திரும்பிப் போகிறார்கள்.

வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள், தாத்தா பாட்டி காலத்திலிருந்து கொழுந்து பறிக்கிற குடும்பம். மீதிப் பேரின் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். நம் ஆட்கள் பலர் திருப்பூர், கோவை என்று இறங்கிப் போய்விட, அந்த இடத்துக்கு இவர்கள் வந்திருக்கிறார்கள். வீட்டில் ஜார்க்கண்டுப் பக்கத்துச் சாத்ரி மொழியோ இந்தியோ பேசுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்கிறது. அதற்கு மேல் ஆங்கிலம். நினைத்துப் பார், ஏழு வயதில் மூன்று மொழி, அதில் ஒன்றில்கூட இன்னும் கால் ஊன்றவில்லை.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு சொல் எழுதிக் கேட்டால், எல்லாப் பிள்ளையும் ‘சி ஏ டி கேட்’ என்று கோரஸாகச் சொன்னது. அடுத்து அதே எழுத்துகளை வைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதினேன். ஒரு சத்தமும் இல்லை. எழுத்தின் பெயர் தெரிகிறது, அந்த எழுத்து என்ன ஒலி தரும் என்பது தெரியவில்லை. தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. ‘ம’ என்றால் பெயரும் அதுதான், ஒலியும் அதுதான். ஆங்கிலத்தில் ‘சி’, ‘ஏ’, ‘டி’ மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘கேட்’ வராது. இதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

அதனால் எழுத்தின் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு ஒலிகளை எடுத்தோம். எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று ஆறு எழுத்தில் தொடங்குவது பல நாடுகளில் உள்ள வழக்கம்தான். அந்த ஆறை வைத்தே சிட், பின், டின், டேப், பேன் என்று நிறையச் சொற்களைக் கட்டிவிடலாம். இருபத்தாறு எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். நன்னூலைக் கரைத்துக் குடித்த உனக்கு உடனே புரியும்: வல்லின மெய் தமிழில் சொல்லுக்குக் கடைசியில் வராது. அதனால்தான் நம் பிள்ளைகள் ‘டேப்பு’, ‘சிட்டு’ என்று ஒரு உகரம் போட்டு முடிக்கிறார்கள். ‘ன்’ கடைசியில் வரும். ஆகவே முதலில் பின், டின், பேன் மாதிரிச் சொற்களை மட்டும் கொடுத்தோம். அதில் கை பழகிய பிறகு ட், ப் என்று முடிகிற சொற்கள். கடைசி ஒலி வந்ததும் காற்றைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கி மூட வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தோம். கை மூடிவிட்டால் உகரம் வெளியே வராது. அப்புறம் ஒரு பையன் மதியம் சோற்றுத் தட்டோடு வந்து ‘ரைஸ்’ என்று சொல்லிக் கையை மூடிக் காட்டிவிட்டுப் போனான்.

இன்னொன்று. பென்சிலுக்கு வரும் எழுத்தையும் பஸ்ஸுக்கு வரும் எழுத்தையும் நம் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதினார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. இந்தக் கடிதத்தில்கூட என்னால் இரண்டையும் பிரித்து எழுத முடியவில்லை பார். வாய்க்கு நேரே காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு, பென்சில் எழுத்துக்குக் காகிதம் ஆட வேண்டும், பஸ் எழுத்துக்கு ஆடக் கூடாது என்று காட்டினோம். பாதிப் பேருக்குத்தான் பிடிபட்டது. அப்போது ஜார்க்கண்டுப் பெண் குழந்தை ஒருத்தி, பத்து வயது இருக்கும், அதுவரை வாயே திறக்காதவள், எழுந்து வந்தாள். ஊரில் ஒன்றிரண்டு வகுப்பு இந்தியில் படித்தவள். இந்தியில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் அவளுக்கு இது பாடமே இல்லை, தெரிந்த விஷயம். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணின் விரலைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தாள். ஒன்றைச் சொன்னாள், அதிரவில்லை. மற்றதைச் சொன்னாள், அதிர்ந்தது. பிறகு அந்த விரலை இவள் தொண்டைக்கே திருப்பி வைத்து, ‘நீ சொல்லு’ என்றாள். தவறாக வந்தபோது ‘இல்லே இல்லே, இப்பிடி’ என்று மறுபடியும். சிறிது நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது.

தமிழ் சரியாகப் பேச வராது என்பதற்காக வகுப்பில் கடைசியில் உட்காருகிற பிள்ளை அவள். வேறொரு பாடத்தில் அவளுக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. ஆங்கிலம் இரண்டு கூட்டத்துக்கும் சம தூரத்தில் இருந்ததால் கிடைத்தது. அந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், முகாமுக்குள் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது, பேசினால் ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், ராத்திரி கண் விழித்து அட்டைகள் வெட்டியவர்கள். தாங்கள் படித்த பள்ளியில் நடந்ததையே சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தெரியாத மொழியில் மட்டும்தான் பேசலாம் என்றால் குழந்தை பேசாமல் இருந்துவிடும், அவ்வளவுதான். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கல்வியைத் தொடங்கு என்று யுனெஸ்கோ 1953-லேயே எழுதி வைத்துவிட்டது. அந்தப் பெண் ‘இல்லே இல்லே, இப்பிடி’ என்று தமிழில் சொல்ல முடிந்ததால்தானே அங்கே பாடம் நடந்தது? கட்டளை விளையாட்டு மட்டும் முழுக்க ஆங்கிலத்தில் வைத்தோம். நில், திரும்பு, கதவைத் தொடு என்று சொல்லச் சொல்லச் செய்து காட்டுவது. ஜேம்ஸ் ஆஷர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1960களில் கொண்டுவந்த முறை. குழந்தை வாய் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். காலையில் பனியில் நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு உடம்பும் சூடாகிவிடும்.

அப்புறம், உன்னிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது: உங்கள் தெருவில் பிள்ளைகளோடு ஏற்கெனவே பழகுகிற பெண் யாராவது இருக்கிறாரா? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது நினைவிருக்கும். சாயங்கால நேரத்தில் உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்களாகத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். வால்பாறையில் எங்கள் முகாமைத் தூக்கி நிறுத்தியவர் அப்படி ஒரு தன்னார்வலராக இருந்தவர்தான். எந்தப் பிள்ளையின் அம்மா இரண்டாம் ஷிஃப்ட்டில் இருக்கிறார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒலிகளை நாங்கள் முதலில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம், அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போதும் வாரத்தில் சில சாயங்காலம் நடத்துகிறார். ஏழெட்டு நாள் முகாமை ஏழெட்டு மாதமாக நீட்டுவது அவரைப் போன்ற ஒருவர்தான். வெளியூரிலிருந்து பத்துப் பேர் வருவதைவிட உள்ளூரில் அப்படி ஒருவர் கிடைப்பது பெரிது. ஆகவே ஆளை முதலில் தேடு, தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது தமிழ் வாசிக்க வருகிறதா என்று ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார். நான்காம் வகுப்புப் பிள்ளை தமிழையே எழுத்துக்கூட்டத் திணறினால் அதை ஆங்கிலத்துக்கு இழுக்காதே. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன அல்லவா, அந்தப் பிள்ளைகளை ‘நுழை’யில் உட்கார வை. நீ தமிழாசிரியை, இந்தக் குழுவை உன்னைவிட நன்றாக யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? ஒரு மொழியில் வாசிப்பு வந்துவிட்டால் அடுத்த மொழிக்கு அந்தப் பழக்கமே கூட வரும். மற்றவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற படக்கதைகள் வேண்டும். சென்னையில் தூலிகா வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். உனக்கு வசதியென்றால் நானே இங்கே பிரிண்ட் போட்டு, தைத்துக் கொண்டுவருகிறேன்.

நிறைவு விழா வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வைத்துக்கொள். ஆனால் அதற்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று இரண்டு மூன்று நாளைக் கொடுத்துவிடாதே. மைக்கைப் பிடித்து ஒரே மூச்சில் தன் பெயரையும் வகுப்பையும் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்து எல்லோரும் கை தட்டுவார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கும். நாங்கள் வேறு மாதிரிச் செய்தோம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அம்மாக்கள் வந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டியது. மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு அம்மா என்னிடம் வந்து, ‘இது அவனா படிச்சானா, சொல்லிக் குடுத்ததைச் சொன்னானா?’ என்று கேட்டார். அலமாரியிலிருந்து பையன் பார்த்திராத வேறொரு புத்தகத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். பையன் திக்கித் திக்கி வாசித்தான், ஒரு சொல்லில் நின்றான், கையை மூடித் திறந்து முயன்று பார்த்து அதையும் சொல்லிவிட்டான். அவருக்கு அது போதும். ஆங்கில வழிக்கு மாற்றாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற எத்தனை வீட்டைப் பார்த்திருக்கிறோம்! பிள்ளை தானாக வாசிக்கிறது என்று கண்ணால் பார்த்தால் அந்தப் பயம் கொஞ்சமாவது குறையும். உங்கள் பக்கத்து அம்மாக்களுக்கும் இது தேவை. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்காரட்டும், ஒன்றும் தப்பில்லை.

வாக்கியம் பற்றி நிறைய எழுதலாம், பேரன் புரளத் தொடங்கிவிட்டான். ஒன்று மட்டும். ‘இது புத்தகம்’ என்று வினையே இல்லாமல் நாம் முடித்துவிடுவோம், அதனால் நம் பிள்ளைகள் ‘திஸ் புக்’ என்று நிறுத்துவார்கள். சோம்பல் என்று திட்டாதீர்கள் என்று உன்னோடு வருகிற இளம் ஆசிரியர்களிடம் சொல்லிவை. தமிழில் அது முழு வாக்கியம்.

எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்பு, உட்கார இடம் எங்கே, அந்த உள்ளூர்ப் பெண் கிடைத்தாரா, இந்த நான்கையும் எழுது. ஒரு வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைக்கு மேல் வேண்டாம், அதற்கு ஏற்ற மாதிரி ஆள் பார். காலாண்டுத் தேர்வு முடிகிற தேதி தெரிந்ததும் சொல். இரண்டு நாள் முன்னதாகவே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், உன் ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒலிகளைப் பழகிக்கொள்ளலாம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி