மிச்சிகனில் இருக்கும் பாப்பாவுக்கு

குடியாத்தம்,
வைகாசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்க கெங்கையம்மன் துணை இருக்கட்டும். சிரசுத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை, மாடியில் நின்றே கும்பிட்டோம். சின்ன அத்தை வீட்டு விஷயம் போனில் கேட்டிருப்பாய், அதை விடு.

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது உன் தொண்டை கட்டியிருந்த மாதிரி இருந்தது. ஐஸ் தண்ணீர் குடிக்காதே. குட்டி முகத்தைக் காட்டிவிட்டு நீ போனுக்குப் பின்னால் போய்விடுகிறாய். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், தூங்கினாயா என்றால் தூங்கினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.

போன மாதம் உன் அறைக்கு வெள்ளையடித்தோம். சுவரில் நீ ஒட்டியிருந்த அமெரிக்க ராக் பாடகி பேட்டி ஸ்மித் படத்தைக் கிழியாமல் எடுத்து, கண்ணாடி போட்டு, மறுபடி அதே இடத்தில் மாட்டியிருக்கிறேன். அதே வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புக் கோட்டு. 'யாருடி இந்தப் பையன், சோறு தண்ணி இல்லாத மாதிரி நிக்கறான்' என்று ஆயா கேட்டதும், நீ ஆயாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தியதும் ஞாபகம் இருக்கும். 1975ல் வந்த 'ஹார்சஸ்' என்ற இசைத்தட்டின் அட்டைப்படம் அது, எடுத்தது அவருடைய நண்பர் ராபர்ட் மேப்பிள்தார்ப் என்றாய். அதைப் பதினைந்து வயதில் கேட்டுத்தான் ஆர்.இ.எம். என்ற ராக் குழுவின் மைக்கேல் ஸ்டைப் பாட்டுக்கு வந்தார் என்றாய். கவிதையையும் ராக்கையும் ஒன்றாகக் கலந்தவர், மேடையில் பெண் இப்படித்தான் நிற்க வேண்டும் என்பதை மாற்றியவர் என்றாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் எத்தனையோ பேர் அவரைக் கேட்டுக் குழு ஆரம்பித்திருக்கலாம். குடியாத்தத்தில் ஆரம்பித்தது நீ ஒருத்திதான்.

படத்தை மாட்டிய பிறகு நானும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1979ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மைதானத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் பாடியவர், அடுத்த வருஷம் கிட்டார் வாசிக்கிற பிரெட் ஸ்மித்தைக் கட்டிக்கொண்டு மேடையை விட்டே போய்விட்டார். போன இடம் எது தெரியுமா? டெட்ராய்ட் பக்கத்தில் செயின்ட் கிளேர் ஷோர்ஸ். மேப்பில் பார்த்தேன், உன் ட்ராய் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். அங்கேதான் ஒரு பையன், ஒரு பெண் என்று பெற்று வளர்த்திருக்கிறார். துணி துவைத்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு. அந்த வருஷங்களில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. குடும்பம் நடத்துவதும் வேலைதான். தவிர, பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் விடியற்காலையில் உட்கார்ந்து தினமும் எழுதியிருக்கிறார். மேடையை விட்டாரே தவிர எழுதுவதை விடவில்லை.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான். தொண்டையைப் பார்த்துக்கொள்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் உன்னைப் பாடச் சொன்னார்களாம். பழக்கம் விட்டுப்போச்சு என்று நீ சொல்லிவிட்டாயாம். அம்மா சொன்னாள். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. காலேஜ் விழாவில் ஆயாவின் பீடிப் பாட்டைப் பாடினாயே, அன்றைக்கு நான் மைதானத்துக் கடைசியில் நின்றிருந்தேன். ஆயா இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றுகிற வேகத்திலேயே கிட்டாரும் ஓடியது. பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பையன்கள் நான்கைந்து பேர் என் பக்கத்தில் நின்று கூடவே பாடினார்கள். பேட்டி ஸ்மித்தும் சின்ன வயதில் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். அந்தக் கஷ்டத்தைத்தான் 1974ல் வந்த தன் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடியிருக்கிறார். அவரிடமிருந்து நீ கற்றது கோட்டைத் தோளில் போடுவது இல்லை, உன் வீட்டுத் திண்ணையைப் பாட்டாக்குவது. அந்த ஊரில் யாருக்கு இது வரும்? பழக்கம் விட்டுப்போச்சாம்!

மறந்துவிடுமே என்று பயமா? 2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில், பாடகர் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கொடுத்த சபையில் அவருக்குப் பதிலாக இந்த அம்மா பாடினார். எழுபது வயது ஆகப்போகிற நேரம். ஸ்வீடன் ராஜா உட்கார்ந்திருக்கிறார், வரி மறந்து பாட்டு நடுவில் நின்றுவிட்டது. பதற்றமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலிருந்து மறுபடி பாடினார். சபையே கைதட்டியது.

இன்னொன்று. 1988ல் வந்த 'பீப்பிள் ஹேவ் த பவர்' பாட்டு எப்படி வந்தது என்று படித்தேன். அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாராம். புருஷன் உள்ளே வந்து அந்த வரியைச் சொல்லி, இதைப் பாட்டாக எழுது என்றாராம். அந்த இசைத்தட்டில் புருஷனும் கூட இருந்து வேலை செய்திருக்கிறார். மாப்பிள்ளை நல்லவர், நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை ஜாஸ்தி, குளிர் வேறு. நீ பாடுவதைக் குட்டி கேட்டிருக்கிறானா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

1994ல் புருஷன் இறந்து அந்த அம்மா பட்டதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. உனக்கே தெரியும். 1996ல் திரும்ப ஒரு இசைத்தட்டோடு வந்தார். அப்படி ஒரு காரணம் வந்துதான் ஒருத்தி மறுபடி பாட வேண்டும் என்பதில்லை. எல்லாம் நன்றாக இருக்கும்போதே பாடலாம்.

மேடை இல்லாவிட்டால் போகிறது. எழுதுகிறாயா? விடியற்காலையில் ஒரு மணி நேரமாவது உனக்கென்று இருக்கிறதா? இருந்தால் நைனா இனிமேல் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

கிட்டார் பீரோ மேல் உறையோடு இருக்கிறது. நீ சொன்ன மாதிரி கம்பிகளைத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். தடித்த கம்பி மட்டும் துருப்பிடித்துவிட்டது, வேலூருக்குப் போகும்போது ஒரு செட் வாங்கி வைக்கிறேன். மேலத்தெரு வாத்தியார் பையன் ஆடி கழிந்ததும் டெட்ராய்ட் வருகிறான், கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறான். கொடுத்தனுப்பவா வேண்டாமா என்று எழுது. யாரையும் கேட்டுச் சொல்ல வேண்டாம், நீயே சொல்.

வெந்நீர் குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
நைனா