கோட்டிங்கனிலிருந்து தம்பிக்கு

கோட்டிங்கன், ஜெர்மனி
டிசம்பர் மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மா குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாங்களே, கவலைப்பட வேண்டாம் என்று சொல். வெளியேதான் பூஜ்யம் டிகிரி. அறைக்குள் ஜன்னலுக்குக் கீழே சுடுநீர் ஓடும் ஹீட்டர் இருக்கிறது, மெல்லிய ஸ்வெட்டரே போதும். சாயங்காலம் நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடிவிடுவார்கள், அதனால் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

நீங்கள் நாலு பேரும் மொட்டை மாடியில் ஐஐடி எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க ஆரம்பித்ததைப் படித்து ரொம்ப சந்தோஷம்டா. பரீட்சை நடக்கும் பிப்ரவரிக்கு அதிக நாள் இல்லை. இங்கே பிசிக்ஸ் மாணவர்கள் கூடிப் படிக்கும் முறையில் நம்ம தண்டையார்பேட்டைக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வாராவாரம் ஒரு கணக்குத் தாள் வரும். நாலைந்து கணக்குதான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம் இழுக்கும். அதைத் திருத்தித் தருவதோடு விட மாட்டார்கள். சிறு வகுப்பில் யாராவது ஒருவர் போர்டுக்குப் போய் தன் விடையை விளக்கியாக வேண்டும். பல பாடங்களில் இந்தத் தாள்களில் பாதி மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் கடைசிப் பரீட்சையே எழுத விடுவார்கள். அதனால் கூடிப் படிப்பது இங்கே வாரா வாரம் நடக்கும் வேலை, பரீட்சைக்கு முந்தின வாரத்து ஓட்டம் இல்லை.

முதல் விஷயம், கணக்கைத் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரமாவது முட்டிப் பார்க்காமல் மாடிக்கு வராதீர்கள். ஒருத்தன் போட்டுக் காட்டுவதைப் பார்த்தால் எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் வெள்ளைத் தாளில் முதல் வரியே வராது. முடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, எந்த வரியில் நின்றது என்று குறித்துக்கொண்டு வா. பேச வேண்டியது அந்த வரியைத்தான்.

இரண்டாவது, மார்க்கர் யார் கையில் இருக்க வேண்டும் என்பது. நன்றாகத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் அது டியூஷன் ஆகிவிடும். அந்தக் கணக்கில் தடுமாறியவனே போர்டில் எழுதட்டும். மற்ற மூவரும் மார்க்கரைப் பிடுங்காமல் கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த வரி எங்கிருந்து வந்தது, அலகு சரியா, நிறையை ரொம்பப் பெரிதாக்கினால் விடை என்ன ஆகும்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே நல்ல கணக்கு இருக்கிறது. கேரம் போர்டில் ஒரு காய் நின்றிருக்கும் இன்னொரு காயை ஓரமாகத் தட்டினால், மீட்சி மோதல் (இயக்க ஆற்றல் வீணாகாத மோதல்) என்று வைத்தால் இரண்டும் 90 டிகிரி கோணத்தில் பிரியும். ஸ்ட்ரைக்கர் அப்படி இல்லை. அது 15 கிராம், காய் 5 கிராம். எப்படி அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து சுமார் 19.5 டிகிரிக்கு மேல் திரும்ப முடியாது, ஏனென்றால் அதிகபட்சக் கோணத்தின் சைன் மதிப்பு நிறைகளின் விகிதம், அதாவது மூன்றில் ஒன்று. நிறைகள் சமமானால் அது 90 ஆகிறதா, ஸ்ட்ரைக்கரை மிகக் கனமாக்கினால் பூஜ்யத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சண்டை போட்டுத் தெளிய வேண்டிய இடம் தெர்மோடைனமிக்ஸ். ஒருவன் புத்தகத்தில் வாயு செய்யும் வேலை பாசிடிவ், இன்னொருவன் புத்தகத்தில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலை பாசிடிவ். நாலு பேரும் முதல் நாளே ஒன்றைத் தேர்ந்தெடுத்து போர்டின் மூலையில் எழுதி வையுங்கள். அடுத்த பொறி, வாயு வெற்றிடத்துக்குள் தடையின்றி விரிவது. வெப்பம் பூஜ்யம், வேலையும் பூஜ்யம், அதனால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாறாது என்று யாராவது சொல்வான். தப்பு. கொள்ளளவு இரட்டிப்பானால் ஒரு மோலுக்கு 5.76 ஜூல் பெர் கெல்வின் கூடும். வெப்பம் பூஜ்யம் என்பதால் என்ட்ரோபி மாறாது என்ற வாதம் மீள் செயலுக்கு (அப்படியே திருப்பி நடத்தக்கூடிய செயலுக்கு) மட்டும்தான் செல்லும்.

மின்தேக்கிக்குள் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத பொருள்) தகட்டை நுழைக்கும் கணக்கில் பேட்டரி இணைந்திருக்கிறதா, கழற்றியாகிவிட்டதா என்பதை முதலில் அடிக்கோடிட வேண்டும். இணைந்திருந்தால் ஆற்றல் டைஎலக்ட்ரிக் மாறிலி மடங்கு கூடும், கழற்றியிருந்தால் அதே மடங்கு குறையும். ஆனால் இரண்டிலும் தகடு உள்ளேதான் இழுக்கப்படும். ஆற்றல் கூடும்போதும் ஏன் இழுக்கிறது என்று ஒருவன் கேட்டே ஆக வேண்டும். கூடுதலாக பேட்டரி கொடுக்கும் ஆற்றலில் பாதிதான் மின்தேக்கியில் சேர்கிறது, மறுபாதி தகட்டை இழுக்கும் வேலைக்குப் போகிறது.

குவாண்டத்தில் நான் சிபாரிசு செய்யும் கணக்கு இது. முடிவிலிக் கிணற்றின் (துகள் தாண்டவே முடியாத இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடம்) தரை நிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், ஒரு துகள்; ஒரு பக்கச் சுவர் மட்டும் நகர்ந்து கிணற்றின் அகலம் திடீரென இரட்டிப்பாகிறது. துகள் புதிய தரை நிலைக்குப் போய்விடும் என்றுதான் பலர் எழுதுவார்கள். அந்த நிகழ்தகவு 0.36 மட்டுமே. புதிய கிணற்றின் இரண்டாம் நிலையில் இருக்க நிகழ்தகவு சரியாக பாதி, அதன் ஆற்றலும் பழைய ஆற்றலும் ஒன்றே. இரண்டு தொகையீட்டையும் ஆளுக்கொன்றாகப் போட்டு ஒப்பிடுங்கள்.

இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குவாண்டம் கொள்கையைத் தொடங்கி வைத்த மாக்ஸ் பிளாங்கின் நினைவுக்கல்லில் அவர் மாறிலியின் மதிப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். அது ஜூல் விநாடியில் இல்லை, பழைய அலகான எர்க் விநாடியில் இருக்கிறது, அதனால் பத்தின் அடுக்கு கழித்தல் 34 இல்லை, கழித்தல் 27. பழைய புத்தகத்திலிருந்து கணக்கு எடுக்கும்போதெல்லாம் இந்தப் பத்தின் ஏழாம் அடுக்கைப் பார்த்துக்கொள். இங்கே மின்னழுத்தத்துக்கு வி எழுத்து போட மாட்டார்கள், யூ போடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. இங்குள்ள தாள்களை அனுப்பினால் அதை மனதில் வைத்துப் படி.

இனி மதிப்பெண். 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். எண் விடைக் கேள்விகளுக்கும், பல விடை சரியாக இருக்கும் கேள்விகளுக்கும் நெகட்டிவ் இல்லை, ஒன்றையும் காலியாக விடாதே. ஆனால் பல விடைக் கேள்வியில் பாதி சரிக்குப் பாதி மார்க் கிடைக்காது. ஒரே விடைக் கேள்வியில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். நாலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரி லாபம் பூஜ்யம், ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மட்டும் தொடு. கால்குலேட்டர் திரையில் வருவதுதான், மவுஸால் அழுத்தி அழுத்தி நேரம் போகும். இப்போதிருந்தே அதில் பழகு.

ஞாயிறு காலை பழைய வினாத்தாள் ஒன்றை ஆளுக்குத் தனியாக, முழு மூன்று மணி நேரம் எழுதுங்கள். மத்தியானம் கூடி, தப்பானதை மட்டும் பேசுங்கள். ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் காரணம் எழுது: கருத்தே புரியவில்லையா, குறி மாறியதா, அலகா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா. குறி மாறுவதற்கும் கருத்து புரியாததற்கும் மருந்து வேறு.

நாலு பேருக்கும் ஒத்துவராத கணக்கைப் படம் எடுத்து அனுப்பு, நீங்கள் போட்ட வரிகளோடு. இப்போது உங்களுக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறேன், உனக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் எனக்கு சாயங்காலம் ஐந்து. அந்த நேரத்தில் கூப்பிடு. அம்மாவிடம் அடுத்த பார்சலில் ஊறுகாய் கொஞ்சமாக வைத்தால் போதும், ரசப்பொடி அதிகம் வைக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா